ஒரு நாளைக்கு ஒரு பிடி மணல்

நெஞ்சுக்கு நேரே ஒரு சட்டியை ஏந்திக்கொண்டு நடந்து பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். இடுப்பில் குடத்தோடு மூன்று தெரு போகிறவளும், தலையில் புல்லுக்கட்டோடு வரப்புத் தாண்டுகிறவளும், சட்டியைக் கையில் வாங்கினால் நாற்பது அடியில் முகம் சுளிப்பார்கள். இடுப்பு ஒத்தாசைக்கு வராது, தலை வராது. இரண்டு கைகள் மட்டும்தான். அந்தச் சட்டிக்குள் நெருப்பும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

எங்கள் ஆத்தா தீச்சட்டி எடுத்த சங்கதியை எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்புவரைதான் போனவள். எழுத்துக்கூட்டித்தான் எழுத வரும். அதனால் மெதுவாகத்தான் போகும், எனக்கும் அவசரம் ஒன்றும் கிடையாது. இந்த விசயத்தில் என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் இப்போது யாரும் உயிரோடு இல்லை. ஆகையால் நான் சொல்வதுதான் சரி.

எனக்கு ஆறு வயதில் அம்மை கண்டது. எங்கள் பக்கம் அதை நோய் என்று வாயால் சொல்ல மாட்டோம், மாரியாத்தா வந்து இறங்கியிருக்கிறாள் என்போம். என்மேல் இறங்கியவள் லேசில் போகவில்லை. வேப்பிலைப் படுக்கையில் கண் திறக்காமல் கிடந்த என்னைப் பார்த்து ஆத்தா, “பிள்ளைய விட்டுட்டுப் போ தாயே, ஒனக்குத் தீச்சட்டி எடுக்குறேன்” என்று நேர்ந்துகொண்டாள். மாரியாத்தா கேட்டுக்கொண்டாள். போகும்போது என் மூக்கிலும் கன்னத்திலும் ஏழெட்டுத் தழும்பை மட்டும் வைத்துவிட்டுப் போனாள். நேர்ந்தது நேர்ந்தபடியே நின்றுபோனது.

ஏனென்றால் அடுத்தாற்போல ஆத்தாளுக்கு மலைக்காய்ச்சல். அப்போது எங்கள் பள்ளத்தாக்கில் அது எட்டிப் பார்க்காத வீடு கிடையாது. விட்டு விட்டு வந்து இரண்டு வருசம் ஆளை உலுக்கி எடுத்துவிட்டது. கொடிக்காலில் ஆள்களுக்குச் சமமாக நின்று வெற்றிலை கிள்ளியவள், காய்ச்சல் விட்டபோது, வாசலில் இருந்து அடுப்படிக்குத் தண்ணீர்க் குடத்தைக் கொண்டு போவதற்குள் மூன்று இடத்தில் இறக்கி வைத்தாள். மூன்று சித்திரை வந்து போய்விட்டது. தீச்சட்டியைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை, அத்தையைத் தவிர.

அத்தை என்றால் எங்கள் ஐயாவுக்கு மூத்த அக்கா. புருசன் செத்த பிறகு எங்கள் வீட்டிலேயே இருந்தாள். கனத்த உடம்பு. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை வேண்டும், எழுந்தால் மூச்சு வாங்கும். ஆனால் வாய்க்கு மூச்சு வாங்காது. கொல்லையில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டே அந்த வீட்டில் நடக்கிற எல்லாவற்றுக்கும் ஒரு சொல் வைத்திருப்பாள்.

எனக்கு ஒன்பது வயது நடந்த தை மாதத்தில் முதுகில் நாலு கொப்புளம் கிளம்பியது. வெறும் சூட்டுக் கொப்புளம். இரண்டு நாளில் உடைந்து ஆறிவிட்டது. ஆத்தாளுக்கு மட்டும் ஆறவில்லை. மாரியாத்தா ஞாபகப்படுத்துகிறாள் என்று முடிவு கட்டிவிட்டாள். ஐயா சாப்பிடும்போது சொன்னாள்.

“இந்தச் சித்திரைக்குச் சட்டி எடுத்துர்றேங்க.”

“நிக்கவே தெம்பில்ல ஒனக்கு. அடுத்த வருசம் பாக்கலாம்” என்றார் ஐயா. அவர் எதையும் அடுத்த வருசம் பார்க்கிறவர்.

அத்தை முறத்தைக் கீழே வைக்கவில்லை. “ஒரு கொடந் தண்ணிய மூணு எடத்துல எறக்கி வைக்கிறவ நெருப்பெடுக்கப் போறாளாக்கும். ஏ புள்ள, மாரியாத்தா என்ன ஒங்கூட மல்லுக்கட்டுறாளா? கூலிக்கு ஒரு ஆளை விட்டு எடுத்தா வேண்டாம்னா சொல்லப்போறா?”

“எம் பிள்ளைக்கு நேந்தது. எங் கைதான் எடுக்கும் மதினி” என்றாள் ஆத்தா. அதற்கு மேல் அத்தைதான் பேசினாள்.

அன்று சாயங்காலம் அத்தை பக்கத்து வீட்டுப் பொம்பளையிடம் சுவருக்கு மேலே பேசிக்கொண்டிருந்தாள். நான் வைக்கோல் படப்புக்குப் பின்னால் இருந்தேன். “சட்டி கை நழுவி விழுந்தா, யாருக்காக நேந்தாகளோ அவுகளுக்கு ஆகாதும்பாக. அதான் எனக்குக் கெதக்குங்குது” என்றாள். பக்கத்து வீட்டுக்காரி நாக்கை இரண்டு முறை சப்புக் கொட்டினாள்.

யாருக்காக நேர்ந்தது என்பது எனக்குத் தெரியும். ஆகாது என்றால் என்ன என்பதும் தெரியும். எங்கள் தெருவில் அம்மை கண்ட இன்னொரு பிள்ளைக்கு ஆகாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். வைக்கோலுக்குள் உட்கார்ந்து கணக்காக யோசித்தேன். சட்டி விழுந்தால் நான் செத்துப் போவேன். சட்டி கனமாக இருந்தால் விழும். இதில் குழப்பம் ஒன்றும் இல்லை.

மாசி பிறந்த அன்று விடியலில் ஆத்தா என்னை எழுப்பினாள். மாட்டுத்தொழுவத்து மூலையில் வாய் உடைந்த பழைய மண்சட்டி ஒன்று கிடந்தது. அதைக் கழுவி, இரண்டு கையிலும் வேப்பிலையைப் பரப்பி, அதன்மேல் சட்டியை வைத்து நெஞ்சுக்கு நேரே ஏந்திக்கொண்டாள். சட்டிக்குள் ஒன்றுமில்லை. வெறும் சட்டியோடு எங்கள் வாய்க்கால் மடைக்குப் போனோம். மடையில் இருந்து கரை நெடுக வரிசையாகத் தென்னை. அந்த வரிசை கல்பாலத்தில் முடியும். மடையில் இருந்து கல்பாலம் போய்த் திரும்பினால், ஆற்றில் இருந்து மாரியம்மன் கோயில்வரை உள்ள தூரம் வரும். அன்றைக்கு ஆத்தா முதல் தென்னையைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். வீட்டுக்கு வந்து வாசல்படியில் உட்கார்ந்தவளுக்குக் கை இரண்டும் வெடவெடவென்று ஆடியது.

“இம்புட்டுத்தானா?” என்று கேட்டேன்.

“கொடியை நாம என்ன, ஒரே நாள்ல அகத்தி உச்சிக்கா இழுத்துக் கட்டுறோம்? சாண் சாணாத்தானே கட்டுறோம்” என்றாள். எங்கள் ஐயா வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். வெடுக்கென்று இழுத்தால் கொடி கணுவில் முறிந்துவிடும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஆத்தாளுக்கும் கொடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுவைக்கவில்லை.

மறுநாளில் இருந்து ஒரு நாளைக்கு ஒரு மரம் கூடியது. ஒரு நாளைக்கு ஒரு பிடி ஆற்று மணலும் சட்டிக்குள் விழுந்தது. நான் செம்பில் தண்ணீரோடு பின்னால் நடப்பேன். மழை தூறிய அன்றும் போனோம். காய்ச்சல் மறுபடி தலைகாட்டிய ஒரு நாள், போர்வையைச் சுற்றிக்கொண்டு, முதல் மரம்வரை மட்டும் போய்த் திரும்பினாள். போகாத நாள் என்று ஒன்று வந்துவிடக்கூடாது, அவ்வளவுதான். வீட்டுக்குத் தூரமான மூன்று நாளும் சட்டியைத் தொடக்கூடாதே, அப்போது வெறுங்கையை நெஞ்சுக்கு நேரே ஏந்திக்கொண்டு, சட்டி இருக்கிற மாதிரியே நடந்தாள். எதிரே மாடு பத்திக்கொண்டு வந்த கிழவர் நின்று அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து, ‘என்ன ஆச்சு?’ என்று கண்ணால் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சில நாள் அவளுக்கு நல்ல தெம்பு இருக்கும். “இன்னைக்கு மூணு மரம் போவோம்த்தா” என்று நான் இழுப்பேன். “நாளைக்குன்னு ஒரு மரம் கெடக்கட்டும்டி” என்று திரும்பிவிடுவாள். எனக்கு எரிச்சலாக வரும்.

நடக்கும்போது ஆத்தா வாய் சும்மா இருக்காது. சாமி பேரைச் சொல்லுகிறாள் என்று ஊரார் நினைத்தார்கள். பக்கத்தில் நடந்த எனக்கல்லவா தெரியும். அத்தையைத் திட்டிக்கொண்டு நடந்தாள். வீட்டில் திருப்பிச் சொல்ல முடியாத பதிலையெல்லாம் அங்கன வைத்துச் சொன்னாள். “மூணு எடத்துல எறக்கி வச்சேனாம்ல. ஒக்காந்த எடத்துல இருந்து எந்திரிக்க ஆள் கூப்புடுறவுக பேசுறாக பேச்சு. நான் வடிச்ச சோத்தத் தின்னுக்கிட்டு…” என்று ஒவ்வொரு மரத்துக்கும் ஒன்றாக விழும். போகும்போதும் திட்டுவாள், வரும்போதும் திட்டுவாள். எனக்கு அது பிடித்திருந்தது. அத்தையை யாராவது திட்டினால் எனக்கு வலிக்காது.

பங்குனி தொடக்கத்தில் ஒன்றைக் கவனித்தேன். திட்டு பாதித் தூரத்திலேயே நின்றுவிடுகிறது. அப்புறம் பத்தாவது மரத்தில் நின்றது. அப்புறம் மடையைத் தாண்டியதும் இரண்டு வார்த்தை, அதோடு சரி. அதற்குப் பிறகு ஒரு எட்டு எடுத்து வைத்தால் ஒரு ‘தாயே’. கடைசியில் அதுவும் நின்று போய், மூச்சு மட்டும் சீராக வந்துகொண்டிருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. காய்ச்சல் தொண்டைக்கு இறங்கிவிட்டது என்று நினைத்தேன். ஐயாவிடம் போய், “ஆத்தாளுக்குப் பேச்சு வரமாட்டேங்குது” என்று அழுகிற மாதிரி சொன்னேன். அவர் அடுப்படியை எட்டிப் பார்த்தார். ஆத்தா கொல்லைப்புறம் நின்ற மாட்டுக்காரனோடு பால் விசயமாக வம்பு பேசிக்கொண்டிருந்தாள். “நல்லாத்தான வருது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சட்டி மட்டும் நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போனது. திருவிழாச் சட்டி வேறு என்றும், அது குயவர் வீட்டில் இருந்து புதிதாக வரும் என்றும் எனக்கு யாரும் சொல்லவில்லை. இந்தச் சட்டியைத்தான் தூக்கப் போகிறாள் என்று நினைத்தேன். என்னைக் காப்பாற்ற நேர்ந்துகொண்டவள், தன் கையாலேயே தினம் ஒரு பிடி கனத்தைக் கூட்டிக்கொண்டு போனாள். பெரியவர்களிடம் சொல்லிப் பயனில்லை என்பது அந்த வயதில் நன்றாகத் தெரியும்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தொழுவத்துக்குப் போவேன். சட்டியில் இருந்து ஒரு பிடி மணலை எடுத்துக்கொண்டு, பாவாடையைச் சரிசெய்கிறவள் மாதிரி கொல்லைக்குப் போய், முருங்கை மரத்தடியில் போடுவேன். ஒரு நாளைக்கு ஒன்றுதான். அதிகம் எடுத்தால் தெரிந்துவிடும். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. ஆத்தா விடியலில் ஒரு ஒழுங்கோடு போட்டாள். நான் சாயங்காலம் அதே ஒழுங்கோடு எடுத்தேன். இரண்டு பேருமே ஒரு நாள் தப்பவில்லை.

ஒரு பிடி கூடுவது கைக்குத் தெரியக்கூடாது என்றுதான் ஒரு பிடியாகப் போட்டாள். ஒரு பிடி குறைவதும் அதனால் தெரியாமல் போயிற்று. மணல் மட்டம் போட்ட அளவுக்கு ஏறவில்லையே என்று ஒரு நாள் சட்டிக்குள் பார்த்தாள். “அமுங்கிப் போகுதுபோல” என்று சொல்லிக்கொண்டாள். நான் செம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது கோழி காட்டிக்கொடுத்துவிட்டது. அத்தை கொல்லையில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் வெடைக்கோழி முருங்கை மரத்தடியில் படுத்து, சிறகை விரித்துப் புரண்டு புரண்டு மணலில் குளித்துக்கொண்டிருந்தது. எங்கள் கொல்லை செம்மண். வெள்ளை மணலில் கோழி குளிப்பதை அத்தை ரொம்ப நேரம் பார்த்திருக்கிறாள்.

“ஏ புள்ள, இங்கன வா. நம்ம முருங்கைக்கு அடியில ஏது ஆத்து மணலு? ஆறு எந்திரிச்சு நடந்து வந்துச்சா?”

ஆத்தா வந்து பார்த்தாள். ஐயாவும் வந்தார். ஆத்தா நேரே தொழுவத்துக்குப் போய்ச் சட்டியைத் தூக்கிப் பார்த்தாள், மறுபடி முருங்கையடிக்கு வந்து மணலைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். வீட்டில் வேறு பிள்ளை கிடையாது.

“ஏத்தா, நீயா எடுத்த?” என்றார் ஐயா.

“பாத்தியா தம்பி! இத்தனை நாளா இவ தூக்கித் திரிஞ்சது வெறுஞ்சட்டி. நான் சொன்னப்ப என்னை எல்லாரும்…” அத்தைக்குச் சந்தோசத்தில் மூச்சு வாங்கியது.

நான் அழுதுவிட்டேன். அழுகையோடு அழுகையாக எல்லாம் வெளியே வந்துவிட்டது. “கனமா இருந்தா சட்டி விழுந்துரும்ல. விழுந்தா நான் செத்துப் போயிருவேன்ல. அத்தைதான் சொல்லுச்சு. சுவர்கிட்ட நின்னு சொல்லுச்சு.”

கோழி எழுந்து உதறிக்கொண்டு போனது. ஐயா அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அப்படி அவர் பார்த்து நான் பார்த்ததில்லை. “நான் எங்கன…” என்று ஆரம்பித்த அத்தை முந்தானையை எடுத்து வாயைத் துடைத்தாள். வாயில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

எனக்கு அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். ஆத்தா என் கையைப் பிடித்து விரித்தாள். தன் உள்ளங்கையில் அதை வைத்துப் பார்த்தாள். என் கை அவள் கையில் பாதி இருந்தது.

“இம்புட்டுக் கைதான?” என்று சிரித்தாள். “நான் போட்டதுல பாதியத்தான் எடுத்திருக்கா. மிச்சப் பாதி உள்ளதான் கெடக்கு.”

“அப்ப இன்னைக்கே பூராவும் ரொப்பித் தூக்கிப் பழகு” என்றாள் அத்தை. குரல் தணிந்திருந்தது.

“அதெல்லாம் வேண்டாம். அடுத்த வருசம் பாக்கலாம்” என்றார் ஐயா.

“ரெண்டும் வேண்டாம்” என்றாள் ஆத்தா. “இருக்குற எடத்துல இருந்து போவோம். பத்து நாள் கெடக்கு. நான் ஒரு பிடி போடுறேன். எடுத்தவளும் ஒரு பிடி போடட்டும்.”

அப்படித்தான் நடந்தது. அந்தப் பத்து நாளும் விடியலில் அவள் ஒரு பிடி போட்டாள், நான் ஒரு பிடி போட்டேன். போடும்போதெல்லாம் என் சாவை நானே அள்ளிப் போடுவதாக நினைத்தேன். ஆத்தாளிடம் அதைச் சொன்னேன். “சட்டி விழாதுடி” என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். “விழாது” என்று அதையே திருப்பிச் சொன்னாள். கையில் காப்புக் கட்டியாயிற்று, ஒரு வேளைச் சாப்பாடு, பாயில் படுக்கை கிடையாது. இளைத்துத்தான் போனாள். ஆனால் குடத்தை மூன்று இடத்தில் இறக்கி வைத்தவள் இப்போது ஒரு இடத்திலும் இறக்கவில்லை. அதைக் குத்திக் காட்டி ஒரு வார்த்தை அத்தையிடம் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவள் சொல்லவில்லை. அத்தையும் அந்தப் பத்து நாள் எதற்கும் சொல் வைக்கவில்லை. நாங்கள் கரையில் இருந்து திரும்பும்போது வாசலில் ஒரு செம்பு வெந்நீர் இருக்கும். யார் வைத்தது என்று ஆத்தா கேட்டதுமில்லை. எடுத்துக் காலில் ஊற்றிக்கொள்வாள்.

திருவிழா அன்று ஆற்றில் நல்ல கூட்டம். ஆத்தா முல்லையாற்றில் முங்கி எழுந்து, மஞ்சள் சேலை சொட்டச் சொட்ட நின்றாள். பூசாரி கையில் வேப்பிலையை அடுக்கி, புதுச் சட்டியை வைத்து, விறகுச் சிராயில் நெருப்பு மூட்டினார். அது நாங்கள் மணல் போட்ட சட்டி இல்லை. இத்தனை நாள் எடுத்த மணலும் வீண், போட்ட மணலும் வீண் என்று தோன்றியது. தப்பு மேளச் சத்தத்தில் அதை யாரிடமும் கேட்க முடியவில்லை. ஐயா எண்ணெய்ச் செம்போடு ஒரு பக்கம் நடந்தார். மறுபக்கம், பத்தடி தள்ளி, அத்தை செருப்பில்லாமல் நடந்து வந்தாள். வருசா வருசம் கோயில் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்து பார்க்கிறவள், இந்த வருசம் எதற்காக வெயிலில் நடக்கிறாள் என்று எனக்குச் சந்தேகம் தட்டியது. விழுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வந்திருக்கிறாள் என்று முடிவு செய்தேன். அவள்மேல் ஒரு கண் வைத்துக்கொண்டேன்.

ஆத்தா நன்றாக நடந்தாள். வாய்க்கால் கரையில் நடந்த அதே நடை. கண்ணைச் சுருக்கவில்லை, உதடு அசையவில்லை. நெருப்பு முகத்துக்கு நேரே ஆடியது. கோயில் கோபுரம் தெரிகிற நாற்சந்திவரை ஒரு குறையும் இல்லை.

நாற்சந்தியில் மேலத் தெரு முளைப்பாரி குறுக்கே வந்துவிட்டது. பொம்பளைகள் கூட்டம் கூட்டமாகக் குலவையிட்டுக்கொண்டு போகிறார்கள், முடிகிற பாடில்லை. எங்களை நிறுத்திவிட்டார்கள். அங்கேதான் வந்தது வினை. ஆத்தா நடக்கப் பழகியிருந்தாள், நிற்கப் பழகவில்லை. அத்தனை நாளில் சட்டியோடு ஒரு இடத்தில் கால் ஊன்றி நின்றதே இல்லை. நடக்கும்போது காலோடு சேர்ந்து போய்க்கொண்டிருந்த கனம் முழுதும், நின்றதும் முழங்கையில் வந்து உட்கார்ந்துவிட்டது. முதலில் வளையல் ஆடியது. அப்புறம் கை ஆடியது. சட்டிக்குள் இருந்து ஒரு சிராய் நழுவி, பொறி பறக்க என் காலடியில் விழுந்தது.

எனக்கு அந்த நேரத்தில் ஊர் இல்லை, தப்புச் சத்தம் இல்லை. சட்டியின் அடிப்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. ஐயா வாயைத் திறந்துகொண்டு நின்றார். அப்போது அத்தை வந்தாள். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவ்வளவு வேகமாக அவள் வந்து நான் பார்த்ததில்லை. ஆத்தாளுக்குப் பின்னால் வந்து நின்று, இரண்டு பக்கமும் கையை விட்டு, இரண்டு முழங்கையையும் கீழிருந்து தாங்கிப் பிடித்தாள்.

தட்டிவிடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். “விடு அத்தை! எங்க ஆத்தா தூக்கும், விடு!” என்று கத்தினேன். விடவில்லை. அவள் முன்கையைப் பிடித்து ஓங்கிக் கடித்தேன். ரத்தம் வந்தது, உப்புக் கரித்தது.

“கடி” என்றாள் அத்தை. “நல்லாக் கடிடி. நான் விடமாட்டேன்.”

ஆத்தா திரும்பிப் பார்க்க முடியாது. நெருப்பைப் பார்த்தபடியே, “மதினி” என்றாள். அது ஒன்றுதான் சொன்னாள். முளைப்பாரி கடந்து முடிகிறவரை அப்படியே நின்றார்கள், ஒரே உடம்பில் நாலு கை முளைத்த மாதிரி. பாதை விட்டதும் அத்தை கையை எடுத்துக்கொண்டாள். மிச்சத் தூரத்தை ஆத்தா தனியாகவே நடந்து, கோயில் வாசலில் சட்டியை இறக்கினாள். நான் சாகவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன், அப்போதும் சாகவில்லை.

கூட்டத்தில் ஒருத்தி, “இன்னொருத்தி தாங்கினா அது கணக்குல சேருமா?” என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டாள். ஆத்தா தலைமுடியைப் பிழிந்து முடிந்துகொண்டே, “மாரியாத்தா எங் கையத்தான் கேட்டா. முழங்கையக் கேக்கல” என்றாள். அத்தைக்கு அப்படி ஒரு சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்து மூச்சு முட்டி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஐயாதான் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

எல்லாம் முடிந்தது, இனிமேல் விடிந்த பிறகும் தூங்கலாம் என்று அன்றைக்குப் படுத்தேன். மறுநாள் விடியலில் ஆத்தா எழுந்துபோகிற சத்தம் கேட்டது. பாயில் எழுந்து உட்கார்ந்தேன்.

“ஆத்தா, நேத்தே முடிஞ்சு போச்சுல்ல?”

“ஆமா.”

“அப்புறம் யாருக்குப் போற? மறுபடி யாருக்கு வந்திருக்கு?”

“யாருக்கும் வரல. நீ படு” என்று சொல்லிவிட்டு வாசலில் இறங்கினாள். நான் எழுந்து பார்த்தேன். கையில் சட்டி இல்லை. அவள் தெருவுக்குப் போனதும், உள்ளறையில் இருந்து அத்தை சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். முன்கையில் மஞ்சள் பற்றுப் போட்டிருந்தது. என்னைப் பார்த்தும் பார்க்காதவள் மாதிரி படியிறங்கி, ஆத்தா போன பக்கமே போனாள்.

எனக்கு விசயம் விளங்கிவிட்டது. திருவிழா என்பதால் பொறுத்திருந்தார்கள். இப்போது வீட்டு ஆம்பளை காதில் விழாத இடமாகப் பார்த்து, வாய்க்கால் கரையில் வைத்துச் சண்டை போடப் போகிறார்கள். ஓடிப்போய் ஐயாவை உலுக்கினேன். “ஐயா, எந்திரிங்க. ரெண்டு பேரும் சண்டை போடப் போறாக.”

ஐயா கண்ணைத் திறக்காமலே, “போடட்டும்” என்று புரண்டு படுத்துக்கொண்டார்.

வாசல்படியில் உட்கார்ந்தேன். நெடுநேரம் ஆகும் என்று நினைத்தேன். கல்பாலம்வரை போய் வர எவ்வளவு நேரமாகும் என்பது எனக்கு மனப்பாடம். ஆனால் கொஞ்ச நேரத்திலேயே இரண்டு பேரும் தெருமுனையில் வந்துவிட்டார்கள். முதல் தென்னையைத் தாண்டியிருக்க முடியாது. கடைசிப் பத்து நாளும் கல்பாலத்தைத் தொடாமல் திரும்பாத எங்கள் ஆத்தா, அன்றைக்கு அத்தையின் நடைக்கு நடந்து, அத்தை நின்ற இடத்தில் நின்று நின்று வந்தாள். அத்தைக்கு முகமெல்லாம் வேர்த்து, கால் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தது. படிக்கு வந்ததும் அத்தை உட்கார்ந்தாள். ஆத்தா உள்ளே போய் ஒரு செம்பு வெந்நீர் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்துவிட்டு, சாணி தெளிக்கப் போனாள்.

இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன், யார் ஜெயித்தது என்று. எனக்குத் தெரியவில்லை.